குறுநாடகத்தை எதைக்கொண்டு அளப்பது?

தமிழ் நாடக வரலாறு எழுதியவர்கள் கடலூரில் உள்ள திருப்பாதிரிப்புலியூரைப் பெரிதாகக் கண்டுகொண்டதில்லை. ஆனாலும் குறுநாடகம் பற்றிய ஒரு பழைய கேள்வியை இந்த ஊரிலிருந்து தொடங்குவது பொருத்தம். பாடலிபுரத்துச் சமணப் பள்ளியை இடித்து, அந்தக் கற்களைக் கொண்டு திருவதிகையில் ஒரு சிவன் கோயிலைக் காடவ மன்னன் எழுப்பினான் என்று பெரியபுராணம் சொல்கிறது. அந்தப் பாடலிபுரம் இந்த ஊர்தான். கோயிலின் பெயரில் இருக்கும் குணபரன் என்ற பட்டம் முதலாம் மகேந்திரவர்மனுக்கு உரியது என்பதால், மன்னன் அவனே என்று வரலாற்றாசிரியர் பலர் கொள்கின்றனர். ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட அந்தப் பல்லவன்தான் ‘மத்தவிலாசப் பிரகசனம்’ என்ற ஓரங்க நாடகத்தை வடமொழியில் எழுதியவன். பதின்மூன்று நூற்றாண்டுகள் கழித்து, 1906-இல், இதே ஊரில் புதுமைப்பித்தன் பிறந்தார். சிறுகதைக்காகவே நினைக்கப்படும் அவரும் சில ஓரங்க நாடகங்கள் எழுதினார்.

ஒரு குறுநாடகம் நன்றாக இருக்கிறது என்று எதை வைத்துச் சொல்கிறோம்? எழுத்துப் பிரதியை வைத்தா, மேடையில் நிகழ்ந்ததை வைத்தா, பார்த்தவரிடம் அது ஏற்படுத்திய மாற்றத்தை வைத்தா? முழுநீள நாடகத்துக்கும் இதே கேள்வி உண்டு. ஆனால் இரண்டரை மணி நேரம் ஓடும் நாடகத்தில் ஒரு குறையை இன்னொரு நிறை ஈடுகட்டிவிடும். இருபது நிமிடத்தில் அதற்கு இடமில்லை. அதனால் நாடகத்தை எப்படி மதிப்பிடுவது என்ற வழக்கு, குறுநாடகத்தின் முன்தான் கூர்மையாக எழுகிறது. தமிழில் இதற்குச் சொல்லப்பட்டிருக்கும் விடைகள் பல. அவை ஒன்றோடொன்று நேருக்கு நேர் வாதாடியது குறைவு. ஒவ்வொன்றும் தன் காலத்து மேடையை மனத்தில் வைத்தே பேசியிருக்கிறது.

இலக்கணம் சொன்னது

முதல் விடை வடமொழி நாடக இலக்கணத்திலிருந்து வந்தது. தனஞ்சயனின் ‘தசரூபகம்’ பத்து வகை நாடகங்களைச் சொல்கிறது. அவற்றில் பாணம், பிரகசனம், வியாயோகம், வீதி, அங்கம் ஆகிய ஐந்தும் ஓரங்க அளவினவாகக் கொள்ளப்பட்டவை. ஒவ்வொன்றுக்கும் தனிச்சுவையும் தனித் தலைமக்களும் உண்டு. பாணத்தில் ஒரே நடிகர் கண்ணுக்குத் தெரியாதவர்களோடு பேசிக்கொண்டே தெருவைக் கடப்பார். பிரகசனம் நகைச்சுவைக்கு உரியது. பாசனின் பெயரில் வழங்கும் ‘கர்ணபாரம்’, ‘ஊருபங்கம்’ போன்ற நாடகங்களைத் திருவனந்தபுரத்தில் த. கணபதி சாஸ்திரி 1912 முதல் பதிப்பித்தபோது, ஓரங்கத்துக்குள் ஒரு வீரனின் வீழ்ச்சியை முழுமையாகச் சொல்ல முடியும் என்பதற்கு வலுவான சான்றுகள் கிடைத்தன. மத்தவிலாசமும் அவர் வழியாகவே 1917-இல் அச்சேறியது.

தமிழில் பரிதிமாற் கலைஞரின் ‘நாடகவியல்’ 1897-இல் வெளிவந்தது. தசரூபகத்தின் கருத்துகளையும் ஷேக்ஸ்பியர் நாடகங்களையும் ஒரே நூலுக்குள் கொண்டுவந்த விபுலாநந்தரின் ‘மதங்கசூளாமணி’ 1926-இல் வந்தது. அவர் 1931-இல் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேராசிரியர் ஆனார். நாடகத்தை ஒரு படிப்பாக அணுகும் தமிழ் மரபின் தொடக்கப் பக்கங்களில் இந்த வட்டாரத்துக்கும் இடமுண்டு என்பதற்காகவே இதைக் குறிப்பிடுகிறேன்.

இந்த இலக்கண நோக்கில் மதிப்புக்குரியது ஒன்று உண்டு. குறுநாடகத்தைப் பெருநாடகத்தின் வெட்டித் தள்ளிய துண்டாக அது பார்க்கவில்லை. சிறிய வடிவத்துக்கென்று தனிப் பொருளும் தனி முறையும் இருக்கலாம் என்று ஒப்புக்கொண்டது. ஆனால் அது அங்கத்தை எண்ணியதே தவிர நேரத்தை எண்ணவில்லை. மத்தவிலாசத்தை அச்சில் படித்து முடிக்க அரை மணி நேரம் போதும். காஞ்சித் தெருவில் குடிமயக்கத்தில் கபால ஓட்டைத் தொலைத்த காபாலிகன் சத்தியசோமன், அதைத் திருடியதாகப் பௌத்தத் துறவி ஒருவரைப் பிடித்துக்கொள்கிறான். பாசுபதன் ஒருவன் நடுவனாக வருகிறான். கடைசியில் நாயிடமிருந்து ஓட்டைப் பறித்துவைத்திருக்கும் பைத்தியக்காரனிடம் அது கிடைக்கிறது. கதை அவ்வளவுதான். கேரளத்தில் கூடியாட்டம் ஆடும் சாக்கையர்களோ இதைக் கோயில்களில் நாள்கணக்கில் விரித்து நிகழ்த்தும் மரபு வைத்திருக்கிறார்கள். அப்படியானால் இது குறுநாடகமா? அங்கக் கணக்கு இங்கே கைகொடுக்கவில்லை.

அச்சில் வளர்ந்த ஓரங்கம்

இரண்டாவது விடை பத்திரிகைகளிலும் பாடநூல்களிலும் உருவானது. 1891 தமிழ் நாடகத்துக்கு இரண்டு வழிகளை ஒரே நேரத்தில் திறந்துவிட்ட ஆண்டு. படிப்பதற்கென்றே எழுதிய சுந்தரம் பிள்ளையின் ‘மனோன்மணீயம்’ அந்த ஆண்டில் வெளிவந்தது. பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபையைத் தொடங்கியதும் அந்த ஆண்டில்தான். சபை வழி சென்ற ஓரங்கங்கள் நடிகரின் வசதிக்கு ஏற்ப எழுதப்பட்டன. பம்மலின் ‘சபாபதி’ வரிசை அப்படிப்பட்டது. பத்திரிகை வழி சென்றவை வேறு தோற்றம் கொண்டன. ‘மணிக்கொடி’ இதழின் காலத்தில் சிறுகதையில் தோய்ந்த கைகளே ஓரங்கத்தையும் எழுதின. கு.ப. ராஜகோபாலன் எழுதினார். புதுமைப்பித்தன் ‘பக்த குசேலா’, ‘வாக்கும் வக்கும்’ ஆகியவற்றை எழுதினார். 1938-இல் சென்னையிலும் 1939-இல் திருச்சியிலும் வானொலி நிலையங்கள் வந்த பிறகு, காதால் மட்டும் கேட்கப்படும் சிறு நாடகங்களுக்கும் ஒரு தேவை பிறந்தது.

இந்தச் சூழலில் உருவான அளவுகோல் சிறுகதையின் அளவுகோல்தான். ஒரு நிகழ்ச்சி, ஒரு மனநிலை, கடைசியில் ஒரு திருப்பம். எட்கர் ஆலன் போ சிறுகதைக்குக் கேட்ட ஒருமைப்பட்ட விளைவை ஓரங்கத்துக்கும் பொருத்தினார்கள். கல்லூரிப் பாடங்களில் ஓரங்க நாடகத்தை ‘நயம் பாராட்டுதல்’ என்பது பல தலைமுறைகளாக இந்த வழியில்தான் நடந்தது. பாத்திரப் படைப்பு, உரையாடல் அழகு, தலைப்பின் பொருத்தம் என்று தேர்வுத்தாள் கேட்கும். மேடையில் யார் எங்கே நிற்கிறார், யார் பேசாமல் இருக்கிறார் என்று கேட்காது.

இந்தக் குறையை மிகைப்படுத்தவும் கூடாது. அச்சில் வராதிருந்தால் அந்த நாடகங்களில் பெரும்பாலானவை நமக்குக் கிடைத்தே இருக்காது. புதுமைப்பித்தனின் உரையாடலில் உள்ள வேகம் வாய்விட்டுப் படித்தாலே ஒரு நடிப்பைக் கொண்டுவந்துவிடும். ஆனால் உரையாடல் நன்றாக இருப்பதும் நாடகம் நன்றாக இருப்பதும் ஒன்றென்று கொண்டதால், பேச்சைக் குறைத்து எழுதிய நாடகங்கள் பின்னாளில் வந்தபோது வாசகர்கள் திகைத்தனர்.

பேச்சு பின்வாங்கியபோது

அந்தத் திகைப்பைத் தொடங்கிவைத்தவர் ந. முத்துசாமி. மயிலாடுதுறைக்கு அருகே புஞ்சையில் 1936-இல் பிறந்த அவருடைய ‘காலம் காலமாக’ என்ற நாடகம் 1960-களின் முடிவில் சி. மணி நடத்திய ‘நடை’ இதழில் வந்தது. ‘நாற்காலிக்காரர்’, ‘சுவரொட்டிகள்’, ‘அப்பாவும் பிள்ளையும்’ ஆகியவை தொடர்ந்தன. 1977-இல் கூத்துப்பட்டறை உருவானது. காந்திகிராமத்தில் சே. இராமானுஜம் முதலியோர் நடத்திய நாடகப் பயிற்சிப் பட்டறையும் அந்த ஆண்டில்தான். அடுத்த ஆண்டு ஞாநியின் பரீக்ஷாவும் மு. ராமசாமியின் நிஜ நாடக இயக்கமும் வந்தன. இந்திரா பார்த்தசாரதியின் ‘மழை’, ‘பசி’, பிரபஞ்சனின் ‘முட்டை’ போன்ற நாடகங்களுக்கு மேடை கிடைத்தது இந்தக் குழுக்களால்தான்.

முத்துசாமியின் நாடகங்களைப் பற்றி அன்று எழுந்த முதல் குற்றச்சாட்டு, புரியவில்லை என்பது. இரண்டாவது, இவை பெக்கெட், இயனெஸ்கோ ஆகியோரின் இரவல் என்பது. இரண்டிலும் ஓரளவு உண்மை இருக்கலாம். அபத்த நாடகம் அன்று சிற்றிதழ்களில் பேசப்பட்டது. ஆனால் இரவல் என்று ஒதுக்கியவர்கள் ஒன்றைக் கவனிக்கவில்லை. முத்துசாமி எழுதியது நடிகரின் உடலை நம்பி விடப்பட்ட பிரதி. நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்தே இருப்பதும் மற்றவர்கள் அவர் முன் ஆடிக்கொண்டே இருப்பதும் தாளில் ஒரு குறிப்பாக முடிந்துவிடும். மேடையில் அதுவே நாடகம் முழுவதும் கண்முன் நிற்கும். பெக்கெட்டின் ‘மூச்சு’ என்ற 1969-ஆம் ஆண்டு நாடகத்தில் வசனமே இல்லை. அரை நிமிட அளவில் குப்பைக் குவியலும் ஒளியும் மூச்சொலியும்தான். பிரதியை மட்டும் படித்து அதை மதிப்பிட நினைப்பவர், வீட்டின் வரைபடத்தில் குடியேறப் பார்க்கிறார்.

ஆகவே இந்தத் தரப்பு தந்த விடை: குறுநாடகத்தை நிகழ்வாகப் பார்த்து மதிப்பிடு. சரியான விடை, ஆனால் ஒரு பெரிய சிக்கலோடு வந்த விடை. நிகழ்வை எங்கே பார்ப்பது? நவீன நாடகக் குழுக்களின் ஆக்கங்கள் சில காட்சிகளோடு நின்றுபோயின. வெளி ரங்கராஜனின் ‘நாடகவெளி’ 1990 முதல் பிரதிகளையும் விவாதங்களையும் வெளியிட்டது. கோமல் சுவாமிநாதன் ‘சுபமங்களா’ சார்பில் நாடக விழாக்கள் நடத்தினார். அ. ராமசாமி போன்றோர் தொடர்ந்து விமர்சனம் எழுதினர். இருந்தும் பார்க்காதவர் தொகையே பெரிது. பார்த்தவர் சொல்வதைப் பார்க்காதவர் நம்பித்தான் ஆகவேண்டும் என்ற நிலையில், பாராட்டும் மறுப்பும் சிறு வட்டத்துக்குள்ளேயே சுற்றிவந்தன.

தெருவில் நின்றவர்கள்

1980-இல் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தில் வங்க நாடகக்காரர் பாதல் சர்க்கார் நடத்திய பயிற்சி தமிழ் வீதி நாடகத்துக்கு ஒரு திருப்பம். பிரளயனின் சென்னைக் கலைக்குழு 1984-இல் தொடங்கியது. 1989 புத்தாண்டு நாளில் வீதி நாடகக் கலைஞர் சப்தர் ஹஷ்மி தாக்கப்பட்டு மறுநாள் இறந்தது இந்தியா முழுவதும் வீதி நாடகக்காரர்களை உலுக்கியது. எழுத்தறிவு பரப்பிய அறிவொளி இயக்கத்தின் கலைப்பயணங்கள் 1990-களில் ஊர் ஊராகச் சென்றன. அ. மங்கை இயக்கிய ‘பச்ச மண்ணு’ பெண் சிசுக்கொலையைக் கிராமத்து மக்களின் முன்னேயே வைத்துப் பேசியது.

இவர்களின் அளவுகோல் மிகத் தெளிவு. நாடகம் முடிந்ததும் கூட்டத்தில் பேச்சு எழுந்ததா? அழகியல் வாதிகள் இதைப் பிரச்சாரம் என்று தள்ளியது நியாயமில்லை. பதினைந்து நிமிடத்துக்குள், ஒலிபெருக்கி இல்லாமல், பேருந்துச் சத்தத்துக்கு நடுவே ஒரு கூட்டத்தை நிறுத்திவைப்பது கடினமான கலை. ஆனால் விளைவை மட்டுமே அளவாகக் கொண்டால், ஒரே பொருளில் வந்த நல்ல நாடகத்தையும் மோசமான நாடகத்தையும் பிரிக்க வழியில்லாமல் போகும்.

அரசும் இந்த வழக்கில் ஒரு தரப்பாக இருந்தது. 1954-ஆம் ஆண்டின் நாடக நிகழ்ச்சிச் சட்டத்தின் கீழ் பிரதியை முன்கூட்டிக் காவல்துறையிடம் காட்டும் நடைமுறை இருந்தது. எழுதப்பட்டதே நாடகம் என்பதுதான் அதன் உள்ளெண்ணம். கூடிப் பேசி, ஒத்திகையில் உருவாகி, இடத்துக்கு இடம் மாறும் வீதி நாடகத்துக்கு இது பொருந்தவே பொருந்தாது. ஞாநி தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2013-இல் அந்தச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளைச் செல்லாதவை என்றது. நாடக ரசனை பற்றிப் பேசுவோர் இந்தத் தீர்ப்பை அதிகம் கவனிக்காதது வருத்தத்துக்குரியது.

விடிய விடியக் கூத்து

கடலூர் வட்டாரத்தில் குறுநாடகம் பற்றிப் பேசும்போது தெருக்கூத்தைத் தாண்டிப் போக முடியாது. பழைய தென்னார்க்காட்டின் திரௌபதி அம்மன் கோயில்களில் பகலில் பாரதச் சொற்பொழிவும் இரவில் கூத்தும் நடந்து தீமிதியில் முடியும் விழாக்கள் இன்றும் உண்டு. ‘அர்ச்சுனன் தபசு’, ‘கர்ண மோட்சம்’, ‘பதினெட்டாம் போர்’ என்று ஒவ்வோர் இரவும் ஒரு பகுதி விடியும்வரை ஆடப்படும். இப்படிப் பழகிய மக்களுக்கு இருபது நிமிட நாடகம் எதைத் தரும்? நகரத்து நேர நெருக்கடிக்குப் பிறந்த சுருக்கம் அது, கூத்தின் விரிவே தமிழ் மேடையின் இயல்பு என்று வாதிடுவோர் உண்டு. முத்துசாமியே கூத்தைத் தம் நாடகச் சிந்தனையின் அடித்தளமாகக் கொண்டு ‘அன்று பூட்டிய வண்டி’யில் விரிவாக எழுதியவர். அவர் எழுதியவற்றில் பல சிறிய நாடகங்கள் என்பது முரண்போலத் தோன்றும்.

அது முரணில்லை என்று எனக்குப் படுகிறது. கூத்தில் ஓர் இரவு என்பது ஒரு பகுதி மட்டுமே. கர்ண மோட்சம் பார்க்க வருபவருக்குக் குந்தி யார், கவசம் போனது எப்படி என்று யாரும் சொல்லவேண்டியதில்லை. முன்கதை முழுவதையும் ஊரே சுமந்து வருகிறது. அதனால்தான் கர்ணனும் பொன்னுருவியும் பிரியும் ஒரே தருணத்தில் இரவின் பெரும்பகுதியைச் செலவிட முடிகிறது. கதை நகராமல் தருணம் விரிகிறது. நல்ல குறுநாடகமும் இதையேதான் செய்ய முயல்கிறது: முன்கதையைப் பார்வையாளரிடம் விட்டுவிட்டு ஒரே தருணத்தில் நிற்பது. நேர அளவில் எதிரெதிராக இருக்கும் இந்த இரண்டும் கட்டமைப்பில் நெருங்கிய உறவினர்.

இந்த இடத்திலிருந்து பார்த்தால் முன்பு சொன்ன நாடகங்கள் வேறு வரிசையில் நிற்கின்றன. மத்தவிலாசம் சுருக்கமாக இருக்க முடிந்தது, காபாலிகரையும் பௌத்தரையும் பாசுபதரையும் அதன் அவையோர் தெருவில் தினமும் பார்த்ததால். ‘பக்த குசேலா’ குசேலர் கதை தெரிந்தவர்க்கே முழுதாகச் சிரிப்பூட்டும். வீதி நாடகம் அந்த வாரத்துச் செய்தியின் மேல் நிற்கிறது. யாழ்ப்பாணத்தில் 1985-இல் மேடையேறிய குழந்தை ம. சண்முகலிங்கத்தின் ‘மண் சுமந்த மேனியர்’ போருக்குள் இருந்த அவையின் முன் நின்றது. அங்கே நிலைமையை விளக்க ஒரு வசனமும் தேவைப்பட்டிராது. எஸ். ராமகிருஷ்ணனின் ‘அரவான்’, முருகபூபதியின் ‘சூர்ப்பணங்கு’ போன்ற அண்மைக்கால ஆக்கங்கள் மீண்டும் மீண்டும் இதிகாசத்துக்குத் திரும்புவதற்கும் இது ஒரு காரணமாக இருக்கலாம். பார்வையாளர் கொண்டுவரும் கதையில் நாடகாசிரியர் தம் கையிருப்பைச் செலவழிக்காமல் தொடங்க முடிகிறது. முத்துசாமி மட்டும் அந்த முன்கதையை வேண்டுமென்றே தர மறுத்தார். ‘புரியவில்லை’ என்ற குரல் அந்த மறுப்புக்கு வந்த எதிர்வினை என்று கொள்ள இடமிருக்கிறது.

எனவே குறுநாடகத்தை மதிப்பிடும்போது, அது சொன்னதைவிட, பார்வையாளருக்கு ஏற்கெனவே தெரியும் என்று எதைச் சொல்லாமல் விட்டது என்பதை முதலில் பார்ப்பது பயன்தரும் என்று கருதுகிறேன். விட்டது எது, விட்ட இடத்தில் அந்த அவை எதை நிரப்பியது, நிரப்பியதை நாடகம் அசைத்துப் பார்த்ததா, அல்லது அப்படியே ஆமோதித்து அனுப்பியதா? பிரதியையும் நிகழ்வையும் விளைவையும் தனித்தனியே பிடித்துக்கொண்ட தரப்புகள் இந்தக் கேள்வியில் ஒன்றுகூட முடியும்.

இதற்கும் வலுவான மறுப்பு ஒன்று உண்டு. அது சிதம்பரத்திலிருந்தே வருகிறது. ஒரு கதையை அவையோர் எல்லோரும் ஒரே மாதிரி அறிந்திருக்கிறார்களா? தில்லை எனப்படும் சிதம்பரத்தின் வாசலில் நின்ற நந்தனை எடுத்துக்கொள்வோம். பெரியபுராணத்து நந்தன் ஒருவர். கோபாலகிருஷ்ண பாரதி பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாடிய கீர்த்தனைகளின் நந்தன், அவர் புதிதாகச் சேர்த்த வேதியரின் முன் நிற்பவர். இந்திரா பார்த்தசாரதி 1978-இல் எழுதிய ‘நந்தன் கதை’ தீயில் புகுந்ததைச் சதியாகக் கண்டது. அது முழுநீள நாடகம். ஆனாலும் அது கிளப்பும் சிக்கல் குறுநாடகத்தை இன்னும் அழுத்தமாகத் தொடும். தில்லை வாசலில் நின்றவரின் வழியினரும் உள்ளே நின்றவரின் வழியினரும் ஒரே அவையில் உட்கார்ந்தால், சொல்லாமல் விட்டதை இருவரும் வேறு வேறாகவே நிரப்புவர். கே.ஏ. குணசேகரனின் ‘பலி ஆடுகள்’ முதலான தலித் நாடகங்கள் இந்த இடத்தில்தான் தலையிட்டன. எல்லோருக்கும் தெரிந்த கதை என்று சொல்லப்படுவது யாருக்குத் தெரிந்த கதை என்று கேட்டன. பெண் நாடகக்காரர்கள் ஒப்பாரியையும் குறத்தியின் குரலையும் மேடைக்குக் கொண்டுவந்தபோது கேட்டதும் அதையே. மங்கையின் ‘மௌனக் குறம்’ இதற்கு நல்ல சான்று.

பத்து நிமிடக் கணக்கு

நேரத்தையே வடிவமாக்கிய போக்கு ஒன்று இந்த நூற்றாண்டில் வந்திருக்கிறது. அமெரிக்காவில் லூயிவில் நகரின் நாடக அரங்கு வளர்த்த பத்து நிமிட நாடகம், 2002-இல் சிட்னியில் தொடங்கிய ‘ஷார்ட் ப்ளஸ் ஸ்வீட்’ விழா வழியாகப் பரவி 2010-களில் சென்னைக்கும் வந்தது. புதியவர்களுக்கு எளிய நுழைவாயில் என்ற வகையில் இதை வரவேற்கலாம். ஆனால் ஒரே மாலையில் பல நாடகங்கள் ஓட்டுக்கு நிற்கும்போது முதல் நிமிடத்திலேயே சிரிப்பையோ அதிர்ச்சியையோ தரும் நாடகத்துக்குச் சாதகம் அதிகம். பார்வையாளர் கொண்டுவரும் பொதுச் சரக்கும் பெரும்பாலும் சினிமாவும் அலுவலக வாழ்க்கையும்தான். இதைத் தாண்டி எழுதியவர்கள் இருக்கிறார்கள்; போட்டியின் அமைப்பு அவர்களுக்கு உதவுவதாகத் தெரியவில்லை.

இன்னும் தீராதவை

இலங்கையில் நாடகமும் அரங்கியலும் உயர்தரப் பள்ளிப் பாடமாக இருக்கிறது. அங்கே நாடகப் பிரதியை அரங்கோடு சேர்த்துப் பார்க்கும் பழக்கம் பள்ளியிலிருந்தே தொடங்க வாய்ப்புண்டு. இங்கே புதுச்சேரியின் சங்கரதாஸ் சுவாமிகள் பெயரிலான நாடகப் பள்ளியும் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக நாடகத் துறையும் கலைஞர்களை உருவாக்கின. பார்வையாளரை உருவாக்கும் பொறுப்பு யாரிடமும் ஒப்படைக்கப்படவில்லை. வேலு சரவணன் குழந்தைகளோடு செய்துவரும் பணி இதில் ஓர் அரிய விலக்கு. நயம் பாராட்டுதலைப் பாடமாக வைத்திருக்கும் கல்லூரிகள், ஓர் ஓரங்கத்தை மாணவர்கள் நடித்துப் பார்த்த பிறகே அதைப் பற்றி எழுதச் சொன்னால் எழுத்து எப்படி மாறும் என்பது சோதிக்கத்தக்க கேள்வி.

பிரதியின் ஆயுள் பற்றிய வழக்கும் முடியவில்லை. ‘நாற்காலிக்காரர்’ எழுதப்பட்டு அரை நூற்றாண்டு ஆகிறது. அன்றைய அவை கொண்டுவந்த அரசியல் அனுபவம் இன்றைய இருபது வயதுக்காரரிடம் இல்லை. அதே நாடகம் இன்று தெளிவாகிவிட்டதா, மங்கிவிட்டதா என்று சொல்ல, வெவ்வேறு இயக்குநர்கள் அதைத் திரும்பத் திரும்ப மேடையேற்ற வேண்டும். ஒரே பிரதியைப் பலர் ஆடும் வழக்கம் கூத்தில் உண்டு, கூடியாட்டத்தில் உண்டு. நவீனத் தமிழ் நாடகத்தில் ஒவ்வொரு குழுவும் தனக்கென்று புதிதாக ஒன்றை ஆக்கவே விரும்புகிறது. காணொளிப் பதிவு இந்த இடைவெளியை எந்த அளவு நிரப்பும் என்பதிலும் ஒருமித்த கருத்து இல்லை. அது நடிகரின் அசைவைக் காட்டும். எதிரே இருந்த அவை எந்த இடத்தில் பேச்சற்றுப் போனது, ஏன் போனது என்பதைக் காட்டுமா என்பது ஐயமே.